மஞ்சளுக்கெல்லாம் யூரியாவா?

ஏண்டா பேராண்டி, பீன்ஸ் எல மஞ்சளாச்சுன்னு போன்ல படம் புடிச்சுப் போட்டியாமே? போனு "சத்துக் கொறைவு"ன்னுச்சாம். நீயும் யூரியாவ அள்ளி வீசிட்டியாம். வீசுனது சரி, செடியக் குனிஞ்சு பாத்தியா?

தழைச்சத்து கொறைஞ்சா அடி எலதான் மொதல்ல வெளுக்கும். வெளுத்தா எல மொத்தமும் வெளுக்கும். உன் செடி அப்பிடியா இருக்கு? தண்ணி ஊறுனாப்புல ஒரு சின்னப் புள்ளி. அதச் சுத்தி மஞ்ச வட்டம். இது பாக்டீரியா நோவுடா. பாக்டீரியா குடியிருக்கது புள்ளிக்குள்ள. வட்டத்துல அது கெடையாது. பெறகெப்பிடி அங்க மஞ்சளாச்சு? இருந்த எடத்துல இருந்துக்கிட்டே வெசத்த மட்டும் அனுப்பி வைக்குது. அம்புட்டு நோகாம வேல பாக்குது.

அந்த வெசத்துக்குப் பேரு ஃபேசியோலோடாக்சின். செடி தழைச்சத்த உறிஞ்சி, அதுல ஆர்ஜினின்னு ஒரு அமினோ அமிலம் செஞ்சுக்கணும். அது இல்லாட்டிப் புரதம் இல்ல. புரதம் இல்லாட்டிப் பச்சையம் இல்ல. இந்த வெசம் போயி, ஆர்ஜினின் செய்யுற நொதியக் கட்டிப்போட்டுருது. இதுல நீ யூரியா போடுறது, அடுப்பு அணைஞ்ச வீட்டுல அரிசி மூட்டைய எறக்குனாப்புலதான். இருக்கதையே ஆக்க முடியல, இன்னும் ஒரு மூட்டை எதுக்கு?

ஒண்ணு கேக்கணுமே நீ. பாக்டீரியாவுக்கும் ஆர்ஜினின் வேணும்ல, அதோட வெசம் அதையே கொல்லாதா? கொல்லாது. வெசம் தொட முடியாத நொதி ஒண்ண அது தனக்குன்னு தனியா வச்சிருக்கு. விவரமான பய!

இளஞ்செடியில ஏறிருச்சுன்னா அம்புட்டுத்தான். வெசம் குருத்துவரைக்கும் போகும். புது எல வெளுத்தே வரும், செடி குட்டையா நின்னுபோகும், காயில விதை சுருங்கும். பச்சையம் கொறைஞ்ச எலைக்கு வெயிலு கெடைச்சு என்ன புண்ணியம்?

இந்தப் பாக்டீரியாவுக்கு 18, 20 டிகிரி குளுமைதான் கொண்டாட்டம். 28 தாண்டுனா வெசம் ஊறாது. புதுப் புள்ளியில வட்டம் வராது. அந்த நேரம் பாத்துக் கடைக்காரன் குடுத்த எதையோ நீ அடிச்சிருப்ப. "பாத்தியா தாத்தா, வட்டம் போச்சு"ம்ப. வட்டம் போனது வெயில்ல. பாக்டீரியா உள்ளேயேதான் இருக்கு. செம்பு மருந்து பரவுறத மட்டுப்படுத்தும், உண்மைதான். உள்ள போனத வெளிய கூட்டிட்டு வராது.

அப்பறம், விடிகாலையில பனி சொட்டச் சொட்ட கொடிக்குள்ள நடந்து வீடியோ எடுக்குறியாமே? ஈரத்துல ஒரு செடிய உரசிட்டு அடுத்ததத் தொட்டா, நோவு உன் சட்டையிலயே ஏறிப் போகும். லைக்கு எத்தன வந்துச்சு? எல காஞ்ச பெறகு எடுத்தா வீடியோவுல பீன்ஸு தெரியாதா?

அமெரிக்காக்காரன் இதப் பத்தி நெறையப் படிச்சான். 1926லயே நியூயார்க்ல பர்க்கோல்டர்ங்கறவரு இந்த நோவ எழுதிவச்சுட்டாரு. கடைசியில என்ன பண்ணாங்கிற? நோவு விதையோடயே வருதுன்னு, விதை வெள்ளாமைய மழை கொறைஞ்ச ஐடஹோ பக்கம் கொண்டுபோயிட்டான். எலமேல மழ அடிச்சாத்தானே தெறிச்சுப் பரவும்? அங்க வாய்க்காத் தண்ணிதான். ஏக்கருக்கு ஒரு டஜன் நோவு விதை பரவலா விழுந்தாலே தோட்டம் போயிரும்னு கணக்கும் போட்டு வச்சிருக்கான்.

அது கெடக்கட்டும். நீ இந்தத் தடவ போட்ட விதை எந்தக் கடையில வாங்குனது? ஏன் முழிக்கிற? போன வருசம் புள்ளி விழுந்த காய உங்கப்பன் ஓட்டுமேல காயப்போட்டிருந்தான், நான் பாத்தேன். அதுதானடா?