இழுத்துவிட்டா வாய்ப்பாடு வந்துருமா, டீச்சரம்மா?

வாங்க டீச்சரம்மா! மூணாப்புப் பிள்ளைகளுக்கு எக்செல்லுல கணக்குச் சொல்லிக் குடுக்கப் போறீங்கன்னு ஊரே பேசுது. ரொம்பச் சந்தோசம். இனிமே வாய்ப்பாடு கேட்டுக் காதைத் திருகுற சோலி இல்ல. ஒரு கட்டத்துல 7, அதுக்குக் கீழ 14. ரெண்டையும் சேத்துப் பிடிச்சு மூலையில இருக்கிற புள்ளியைக் கீழ இழுத்தாப் போதும். 21, 28ன்னு 700 வரைக்கும் அதுவே எழுதிருது. பிள்ளைக்கு என்ன வேலை? கை தட்ட வேண்டியதுதான்.

விடை சரின்னா பச்சை, தப்புன்னா சிவப்புன்னு கட்டமே நிறம் மாறுமாமே! நல்ல ஏற்பாடு. எட்டேழு எம்புட்டுன்னு கேட்டா, நம்ம பய 51, 52ன்னு வரிசையா அடிச்சுக்கிட்டே போவான். 56 வந்ததும் பச்சை விழும். நீங்களும் ‘தேறிட்டான்’னு எழுதிக்குவீங்க. அவனைவிட விவரமான புள்ள ஒருத்தி இருப்பா. கட்டத்தைத் தொட்டா மேல சூத்திரம் தெரியுதுல்ல, அங்கனயே விடையை எட்டிப் பாத்துருவா. சூத்திரத்தை மறைச்சுத் தாளைப் பூட்டிவைக்கவும் அதுல வழி இருக்கு. முதல் நாளே பூட்டிருங்க தாயி.

பின்னம் நடத்துற அன்னைக்கு வேடிக்கை பாக்க நானும் வாரேன். பய ஒண்ணு, சாய்கோடு, ரெண்டுன்னு தட்டுவான். அரை வரும்னு நீங்க பாத்துக்கிட்டு நிப்பீங்க. நம்ம ஊரு தேதி முறை வச்ச கம்ப்யூட்டரா இருந்தா, பிப்ரவரி ஒண்ணாந் தேதின்னு காட்டும்! முன்னால ஒரு சைபர் போட்டு, இடம் விட்டு அடிச்சா அரைன்னு ஒத்துக்கும். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல 320ல ஒரு பங்குக்கே முந்திரின்னு பேரு வச்சு மனப்பாடம் பண்ண வச்சாக. இது என்னடான்னா, அரைக்கே நாள் குறிக்குது.

007ன்னு அடிச்சாலும் முன்னால உள்ள ரெண்டு சைபரையும் முழுங்கிட்டு 7ன்னு நிக்கும். அதைத் திட்டாதீங்க. முன்னால நிக்கிற சைபருக்கு ஏன் மதிப்பில்ல, 70ல பின்னால நிக்கிறதுக்கு மட்டும் ஏன் இருக்குன்னு பிள்ளைககிட்டக் கேளுங்க. இடமதிப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

எம் பேரன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவுல ஹார்வர்டுல படிச்ச டான் பிரிக்ளின், வாத்தியார் கரும்பலகையில ஒரு எண்ணை மாத்திட்டு, அதைத் தொட்டு வந்த எல்லாத்தையும் அழிச்சு அழிச்சு எழுதுன பாட்டைப் பாத்தாராம். பாப் ஃபிராங்ஸ்டனோட சேந்து 1979ல விசிகால்க்னு ஒண்ணைக் கொண்டாந்தாரு. எக்செல்லுக்கெல்லாம் அதான் மூத்தது. ஆக, கணக்குத் தெரிஞ்சவன் சலிப்பைத் தீக்க வந்த சாமான் இது. கணக்கே தெரியாத பிள்ளைக்குச் சலிப்பு எங்கிட்டிருந்து வரும்?

அதுனால முதல்ல புளியங்கொட்டையைக் குடுங்க. ஏழேழாப் பிரிச்சு அடுக்கட்டும். அப்புறம் கம்ப்யூட்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி, இழுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க: “70 எத்தனையாவது கட்டத்துல வந்து உக்காரும்?” சொன்ன பெறகு இழுக்கட்டும். 10 மிட்டாய், ஒண்ணு 2 ரூவா. விலையை 3 ஆக்குனா மொத்தம் எம்புட்டு ஏறும்? வாயால சொல்லிட்டு என்டரைத் தட்டட்டும். தப்பாப் போனா ஏன்னு அவுகளே தேடட்டும். ஒண்ணுலருந்து நூறு வரைக்கும் வரிசைக்குப் பத்தாக் கட்டம் போட்டு, ஒன்பதோட மடங்குக்கெல்லாம் நிறம் அடிக்கச் சொல்லுங்க. 9லருந்து 81 வரைக்கும் சாஞ்ச கோடு ஒண்ணு விழும். “ஏன் டீச்சர் சாயுது?”ன்னு ஒரு பிள்ளை கேட்டா, உடனே பதில் சொல்லிராதீங்க. பத்துக்கு ஒண்ணு குறைச்சல்னு அதுவே கண்டுபிடிக்கட்டும்.

கம்ப்யூட்டர் விடை சொல்லட்டும், வேண்டாங்கல. ஆனா பிள்ளை சொன்னதுக்குப் பெறகு சொல்லட்டும், டீச்சரம்மா.