ஊர் பார்ப்பவர்

சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, செங்கல்பட்டுத் தடத்திலோ அரக்கோணத் தடத்திலோ சொந்த வீடு கட்டிக் குடியேறத்தக்க ஒரு சிற்றூரை ஆண்டுக்கணக்காகத் தேடி வருபவரும், அந்தத் தேடலில் அடைந்துவிட்ட தேர்ச்சியினாலேயே எந்த ஊரையும் முடிவுசெய்ய இயலாமற் போனவருமான நடுத்தர வர்க்கத்து மனிதரை ‘ஊர் பார்ப்பவர்’ என்று அழைக்கலாம். பெண் பார்க்கப் போகிறவர் என்றைக்காவது ஒரு நாள் கல்யாணம் செய்துகொண்டு அந்த வேலையை விட்டுவிடுகிறார் என்பது ஒன்றே இருவருக்கும் உள்ள வேறுபாடு.

இவ்வகையினர் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் நகரம் ஒவ்வொரு நிலையமாகத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்க, ஊர் பார்ப்பவரின் குடும்பமோ ஒரு தலைமுறை பின்தங்கியே வந்திருக்கிறது. நங்கநல்லூர் என்றபோது அங்கே இரவில் நரி ஊளையிடும் என்று தாத்தா மறுத்தார். குரோம்பேட்டை என்றபோது தோல் பதனிடும் நாற்றம் தாங்காது என்று அப்பா மறுத்தார். ஊரப்பாக்கம் என்றபோது அங்கிருந்து வெளியூர்ப் பேருந்து பிடிக்கவே நகரத்துக்குள் வர வேண்டும் என்று இவர் மறுத்தார். 2023 டிசம்பர் இறுதியில், ஊரப்பாக்கத்தை ஒட்டிய கிளாம்பாக்கத்திலேயே வெளியூர்ப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. “அப்பவே வாங்கிப் போட்டிருக்கணும்” என்னும் வாக்கியம், இவ்வாறாக, பத்திரப் பதிவோ முத்திரைத்தாளோ இல்லாமல் மூன்றாம் தலைமுறைக்கும் வந்து சேர்ந்த ஒரே குடும்பச் சொத்தாகும்.

இவர் கையாளும் அளவைகளை அறியாமல் இவரை அறிய முடியாது. மனையைக் கிரவுண்டில் அளப்பார். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட் என்பதைக் கேளாதவர்க்கும் சொல்லுவார். தூரத்தை அளப்பதில்தான் சிக்கல். ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று மனை விற்பவர்கள் விளம்பரம் செய்யும்போது, எந்தச் சென்னைக்கு என்பது சொல்லப்படுவதில்லை. ‘நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்பது தரகர் நிமிடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வழியில் ஆடு மாடு எதுவும் குறுக்கிடாத நிலையில், மனை பார்க்க வருவோரை ஏற்றிச் செல்லும் இலவச வேனில் மட்டும் மெய்யாகக்கூடிய கால அளவு அது. ஊர் பார்ப்பவர் இதையெல்லாம் நன்கு அறிந்தவர். இருந்தாலும் அந்த வேனில் ஏறுவார், வேனோடு சேர்ந்த மதியச் சாப்பாட்டையும் குறை சொல்லிக்கொண்டே முடிப்பார். அருகில் என்ற சொல்லை நீட்டிய குற்றத்தைத் தரகர் மீது மட்டும் சுமத்துவதும் நியாயமாகாது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து, அரக்கோணம் வட்டாரத்தையும் அதற்குள் சேர்ப்பதற்கு 2022-இல் அரசே ஆணையிட்டது.

ரயிலைப் பற்றி இவர் வகுத்திருக்கும் கோட்பாடு தனியே கவனிக்கத்தக்கது. தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர், செங்கல்பட்டு என நிலையங்கள் வரிசையாக அமைந்திருப்பதால், நகரத்துக்குப் பக்கத்தில் உள்ளதே வசதியான ஊர் என்று பாமரர் நினைப்பர். ஊர் பார்ப்பவர் அப்படி நினைப்பதில்லை. காலை வண்டி செங்கல்பட்டில் புறப்படுவதால் அங்கே ஏறுகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறார். கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவர் கதவோரக் கம்பியில் மூன்றாவது கையாகத் தொங்குகிறார். தாம்பரத்திலிருந்தே கிளம்பும் வண்டிகள் நிறைய இருப்பதால் தாம்பரத்துக்காரர் மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறார். ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் கால் வலியில் கணக்கிட்டால், கூடுவாஞ்சேரியைவிடச் செங்கல்பட்டே சென்னைக்கு அருகில் இருக்கிறது என்பது இவர் முடிவு. இந்த முடிவில் தவறு காண்பது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், உட்கார இடம் கிடைக்கும் ஊரைத் தேடி இவர் சென்னைக் கடற்கரையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவு போய்விட்டதையும், ‘இன்னும் கொஞ்சம் தள்ளினால் மனை விலை பாதிதானே’ என்று மதுராந்தகத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கியதையும் இவர் மனைவி மட்டும் உரிய கவலையுடன் கவனித்து வருகிறார்.

பட்டா, தாய்ப்பத்திரம், சொத்தின் மீது கடனோ வழக்கோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று முதலியவற்றில் இவர் வக்கீலுக்கே பாடம் எடுப்பார் என்பதால் அவற்றை விரிக்க வேண்டியதில்லை. வெள்ளத்தைப் பற்றிய ஆராய்ச்சியே சுவையானது. 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகள் மூழ்கியதைப் படத்தில் பார்த்தது முதல், எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இவர் கண் முதலில் போவது சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல். கோடு இருந்தால் ஊர் வேண்டாம். கோடு இல்லாமல் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் கட்டாயம் வேண்டாம். விசாரித்தால், “நம்ம தெருவுல வரல சார், அடுத்த தெருவுலதான்” என்பார்கள். அடுத்த தெருவில் கேட்டால் கை இந்தத் தெருவை நோக்கி நீளும். ஊர்ப் பெயர் ‘தாங்கல்’ என்று முடிந்தால், தாங்கல் என்பது சிறிய ஏரி என்று மனைவிக்கு விளக்கிவிட்டு வேனிலிருந்து இறங்காமலே திரும்பிவிடுவார். ஏரியைப் பார்த்த வீடு என்ற விளம்பரத்துக்கு, ஐப்பசி கார்த்திகையில் ஏரி வந்து வீட்டைப் பார்க்கும் என்றே இவர் பொருள் கொள்கிறார்.

எல்லாவற்றுக்கும் இறுதித் தேர்வு தண்ணீர். தண்ணீரில் கரைந்துள்ள உப்புக்களின் அளவைக் காட்டும் பேனா போன்ற கருவி ஒன்று இவர் சட்டைப் பையிலேயே இருக்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது இந்தியத் தரநிலை. மனைவிக்குக் கருவியில் நம்பிக்கை கிடையாது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு பிடி துவரம்பருப்பை அதில் வேகவைத்துப் பார்ப்பதே அந்த அம்மையாரின் முறை. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, மூன்று விசிலுக்குப் பிறகும் விதை விதையாக நிற்கும். இந்த முறையில் ஆறு ஆண்டுகளில் பதினொரு ஊர்கள் தோற்றன. பன்னிரண்டாவது ஊரில், நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பிடித்த தண்ணீரில் பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. கருவியும் முதன்முறையாக இரண்டே இலக்கத்தைக் காட்டியது. கணவனும் மனைவியும் ஒரே கருத்தை அடைந்த அபூர்வமான அந்த வாரத்தின் முடிவில், முன்பணத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு இருவரும் மீண்டும் அந்த ஊருக்குப் போய், அதே கடையில் டீ குடித்து, ஊரின் தண்ணீரை வாயாரப் புகழ்ந்தனர்.

“அது கேன் தண்ணி சார். போர் தண்ணியில போட்டா பாலே திரிஞ்சிடும்” என்றார் கடைக்காரர்.