சரக்குச் சட்டம்: ஹல்துமுல்லை லயத்திலிருந்து ஸ்கார்பரோவில் வீடு பார்த்தல் பற்றிய ஓர் ஆய்வு

காருக்காகக் கட்டிய ஊரில் கார் இல்லாமல் பிழைப்பது எப்படி என்று வட அமெரிக்காவில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்தக் குவியலில் இலங்கையில் எங்கள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு யாரும் இடம் கொடுத்ததாகத் தெரியவில்லை. வாகனத்துக்காக வெட்டிய ரோட்டோரத்தில், வாகனமே இல்லாமல், தலைமுறை தலைமுறையாக லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த அனுபவம் எங்களைவிட யாருக்கு உண்டு? அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் முதலில். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ4 நெடுஞ்சாலையில், பெரகலைச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது ஹல்துமுல்லை. சந்தியில் ஒரு கிளை ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். தோட்டத்து ரோடுகள் இதிலிருந்து பிரிந்து மலையை வளைத்து வளைத்துப் போகின்றன. கொழுந்து லொறி ஏற வேண்டும், துரையின் ஜீப் ஏற வேண்டும் என்று வெட்டியவை. மனிசர் ஏறுவதற்கு வேறு ஏற்பாடு: தேயிலைக்கு நடுவே, கானோரமாக, நேர் மேலே போகும் குறுக்கு. யாரும் அளந்து போட்டதல்ல. கால் பட்டுப் பட்டுத் தானாக விழுந்தது. லொறி வளைவெல்லாம் சுற்றி வருவதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளை மேட்டு லயத்து வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கும்.

இந்த நடையை அளக்க விஞ்ஞானம் முயன்றதுண்டு. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதன் மேல், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். ஒரு மைல் தூரத்தில் 500 அடி ஏற்றம் என்றால் முப்பத்தைந்து நிமிஷம். நல்ல கணக்குத்தான். ஆனால் தலையில் தொங்கும் கொழுந்துக் கூடைக்கு அதில் இடமில்லை; அட்டை கடித்தால் நின்று பிடுங்கும் நேரத்துக்கும் இல்லை; எதிரே வரும் பெரியம்மாவிடம் "எங்க போறீங்க" என்று கேட்காமல் போக முடியாதே, அதற்கும் இல்லை. 1993இல் வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் இன்னும் நுணுக்கமாகப் போனார். அவர் சூத்திரப்படி மனிதன் ஆக வேகமாக, மணிக்கு 6 கிலோமீற்றர், நடப்பது சமதரையில் அல்ல, இலேசான இறக்கத்தில். மேட்டு லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு முதல் மணிக்கு முன்பே போய்ச் சேர்வதற்கும், பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் வரை வீடு திரும்பாததற்கும் இதைவிடக் கண்ணியமான விளக்கம் கிடைக்காது.

இனி நம் ஆய்வுப் பொருள். என் அக்கா மகன் டொரன்டோவில் வேலை கிடைத்துப் போனான். அந்த நகரத்து ஸ்கார்பரோவில் இரண்டு வீடுகள் பார்த்து வைத்து, எது நல்லது என்று கேட்டு ஒரு பேஸ்மென்ட் படத்தையும் ஒரு மாடிவீட்டுப் படத்தையும் அனுப்பினான். கூடவே இரண்டு இலக்கங்கள். "இது வோக் ஸ்கோர் மாமா. நூத்துக்குப் போடுவாங்க. கூடின மாடிவீட்டையே எடுக்கவா?"

வோக் ஸ்கோர் 2007இல் சியாட்டிலில் பிறந்தது. வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடைக்குள் கடை, பள்ளிக்கூடம், பூங்கா இருந்தால் முழுப் புள்ளி; தூரம் கூடக் கூடப் புள்ளி குறையும்; அரை மணிக்கு அப்பால் பூச்சியம். 90உம் அதற்கு மேலும் எடுத்த இடம் நடப்பவரின் சொர்க்கமாம். இதே ஆட்கள் சைக்கிளுக்கு வைத்திருக்கும் மார்க்கில் மேடு பள்ளம் சேர்கிறது. நடைக்குப் போடுவதில் சேர்வதில்லை. சைக்கிளுக்கு மூச்சு வாங்கும், மனிசருக்கு வாங்காது என்பது அவர்கள் துணிபு. பனிக்கட்டியில் வழுக்குவதற்கும் மார்க் குறைப்பதில்லை.

இலக்கத்தை அக்காவிடம் சொன்னேன். கொழுந்தெடுத்து ஓய்ந்தவள், துறை சார்ந்த நிபுணர் என்ற முறையில் அவள் அபிப்பிராயம் இங்கே முழுமையாகப் பதிவாகிறது. "நூத்துல எத்தனையோ இருக்கட்டும். கடைக்குப் போறப்ப ஏத்தமா, வாறப்ப ஏத்தமா?"

சரக்குச் சட்டம் என்று இக்கட்டுரை பெயரிடுவது இதைத்தான். வீட்டைவிடக் கடை மேலே இருக்க வேண்டும். வெறுங்கையோடு ஏறி, அரிசியோடும் மாவோடும் இறங்க வேண்டும். தூரம் இரண்டாம் பட்சம். இந்தச் சட்டப்படி பார்த்தால் எங்கள் லயங்களில் பாதிக்கு மேல் தோல்வி: டவுன் கீழே, லயம் மேலே. சட்டம் பிறந்ததே அந்தத் தோல்வியில் என்க.

ஸ்கார்பரோவோ பெரும்பாலும் தட்டை. நகரின் அளவையே வேறு மாதிரி. 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் வடித்த 66 அடிச் சங்கிலியால் அங்கே நிலத்தை அளந்து, நூறு சங்கிலிக்கு, அதாவது ஏறத்தாழ 2 கிலோமீற்றருக்கு, ஒரு ரோடு போட்டார்கள். எக்ளின்டன், லோரன்ஸ், எல்ஸ்மியர் எல்லாம் அந்தக் கோடுகளே. இலங்கைத் தோட்டக் காணியை ஏக்கராக வெட்டிக் கொடுத்ததும் அதே சங்கிலிதான். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இங்கே மலை குறுக்கே நின்று அந்தச் சங்கிலியைக் கோணலாக்கியது. அங்கே தடுக்க மலை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தச் சதுரங்களுக்குள் வீடுகளை நிரப்பியபோது, கார்கள் வேகமாகப் போகக் கூடாதென்று உள் தெருக்களை வளைத்து, பலவற்றை முட்டுச்சந்தாக முடித்தார்கள். விளைவு: சமையலறை ஜன்னலில் கடையின் முதுகு தெரியும், போய்ச் சேர ரோட்டைச் சுற்ற வேண்டும். நடுவில் வேலி. வேலியில் ஏறினால் பொலிஸ். தட்டை நிலத்தில் கொண்டை ஊசி வளைவு போட்டு, குறுக்கையும் அடைத்துவிட்ட இந்தச் சாதனையை எங்கள் துரைமார்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

ஏற்றம் இல்லாத ஊரில் சரக்குச் சட்டம் செல்லுமா? செல்லும். ஏற்றத்தின் இடத்தில் காற்றை வையுங்கள். 2001இல் கனடாவும் அமெரிக்காவும் புதிய காற்றுக்குளிர்க் கணக்கொன்றை ஏற்றுக்கொண்டன. அதற்காக டொரன்டோ ஆய்வுகூடமொன்றில் பன்னிரண்டு பேரைக் குளிர்காற்றுக்கு முகம் கொடுத்து ட்ரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். நடந்த வேகம் மணிக்கு 4.8 கிலோமீற்றர், நெய்ஸ்மித் சொன்ன அதே மூன்று மைல். முகத்தில் அடித்தால்தான் கணக்கு. முதுகில் அடிப்பதை அளக்கவில்லை. டொரன்டோவில் பனிக்காலத்துக் காற்று பெரும்பாலும் மேற்கு, வடமேற்கிலிருந்து வருகிறது. ஆகவே தேற்றம்: கடை வீட்டுக்கு மேற்கே இருக்க வேண்டும். போகும்போது வெறுங்கையோடு காற்றை எதிர்க்கலாம். வரும்போது இரண்டு கையிலும் பை இருந்தாலும் காற்று முதுகைத் தள்ளும். அக்கா மகன் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தான். மார்க் குறைந்த பேஸ்மென்ட்டுக்குத்தான் தமிழ்க்கடை மேற்கே இருந்தது.

அக்காவின் அடுத்த கேள்வி பஸ் நிற்கும் இடம் பற்றியது. எத்தனை நிமிஷத்துக்கொரு பஸ் என்றல்ல. "நிக்கிற எடத்துல ஒதுங்க ஏதும் இருக்கா? ஆளுக நிப்பாங்களா?" பெரகலைச் சந்தியில் மூடுபனி இறங்கி எதிரில் வருவது லொறியா பஸ்ஸா என்று தெரியாத நாளில், கொழும்பு பதுளை பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் ஆழம் புரியும். ஸ்கார்பரோவாசிகளுக்கும் புரிய வேண்டும்: அவர்களுடைய மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு, பிறகு ஓடவே இல்லை. பதிலுக்குக் கொடுத்தது பஸ்.

இத்தனை விசாரணை ஒரு வாடகை வீட்டுக்குத் தேவையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எந்த லயம், எந்தக் காம்பரா என்பதைத் தோட்ட நிர்வாகம் தீர்மானித்த ஊர் எங்களுடையது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான். ஆபத்தான இடம் என்று அதற்குப் பல வருஷம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. வேறு எங்கே போவதென்று மட்டும் அந்தச் சனங்களுக்கு வழி காட்டப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் இரண்டு வீட்டைப் பார்த்து ஒன்றை வேண்டாமென்று சொல்லும் முதல் ஆள் இவன். அக்கா நிதானமாகத்தான் கேட்பாள்.

பேஸ்மென்ட்டை எடுத்துவிட்டான். வாடகையோடு ஒரு பார்க்கிங் இடமும் சேர்ந்து வருகிறதாம், கார் இல்லாவிட்டாலும் கழித்துத் தர மாட்டார்களாம். அக்காவிடம் சொன்னேன். போனை வாங்கி அவனிடமே கேட்டாள்.

"ஏன்டா, அந்த எடத்துல வெயில் விழுமா?"

"விழும்மா. ஆனா தார் போட்டிருக்கு."

"சட்டியில மண்ணு போட்டு வச்சா யாரும் ஏசுவாங்களா?"

வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாக இருக்கிறான்.