நிலாவுல குழி பாத்த நைனா

இன்னா நைனா, பொன்னேரியில பஸ்ஸு ஏறுனதுல இருந்து போனையே தேச்சிக்கினு வந்தியாமே? பழவேற்காட்டுப் பூநாரையப் படம் புடிக்கணும், அதுக்கு சட்டைப் பையில போடற மாதிரி கேமரா வேணும், ஜூமும் நீளமா இருக்கணும். இதுக்காவ தூக்கமே இல்லியாமே? குந்து. டீ சொல்றேன். திருப்பாலைவனத்துல டீ குடிச்சிட்டு ஏரிக்குப் போனவன் எவனும் கெட்டதில்ல.

மொதல்ல எத்தினி மடங்குன்னுதான பாக்கற? எல்லாரும் அப்டித்தான். 30 மடங்கு, 40 மடங்கு. 2018-ல வந்த நிக்கான் பி1000, 125 மடங்கு. அடேங்கப்பா! மடங்குன்னா இன்னான்னு கேட்டா மட்டும் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். நான் சொல்றேன். லென்ஸு கடைசியா நீட்டற அளவ, ஆரம்பிக்கற அளவால வகு. அவ்ளோதான். 24 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு 720-க்குப் போனா 30. 3000-க்குப் போனா 125. 28-ல ஆரம்பிச்சு 840-க்குப் போனாலும் அதே 30 தான். அப்ப மடங்க வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? கடைசியில எத்தினி மில்லிமீட்டர், அதக் கேளு.

கடைக்காரன் 'டிஜிட்டல் ஜூம்'னு இன்னொண்ணும் சொல்லுவான். சிரிச்சிக்கினே கேட்டுக்கோ. எடுத்த படத்துல நடுவுல கத்தரிச்சு ஊதிக் காட்டறதுக்குப் பேருதான் அது. அத வூட்ல குந்திக்கினு நீயே பண்ணலாம். அதுக்கு ஏன் துட்டு?

பி1000 நிலாவுல இருக்கற குழியெல்லாம் காட்டுமாம். காட்டட்டும். அங்க போயி எறா புடிக்கப் போறியா? நம்ம ஏரிப் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்துதான் 2023 ஜூலை 14-ல சந்திரயான்-3 போச்சு. நிலாவக் கிட்டப் போயி பாக்கற வேலைய அவுங்க பாத்துக்குவாங்க. நீ நாரையப் பாரு. அந்தக் கேமரா 1,415 கிராம். எந்த சட்டையில அதுக்குப் பை வெச்சித் தைப்பான்?

பைக்குள்ள போறது வேணுமா? கேனான் எஸ்எக்ஸ்740 இருக்குது, 300 கிராம், 960 வரைக்கும் நீளும். சோனி எச்எக்ஸ்99 அதுக்கும் லேசு, 720 வரைக்கும். ரெண்டுல எது? கண்ண வெச்சிப் பாக்கற சின்ன ஜன்னல் சோனியில இருக்குது, கேனான்ல இல்ல. ஏரி மேல வெயில் ஏறட்டும், பின்னாடி திரையில உன் மூஞ்சிதான் தெரியும், நாரை தெரியாது. ஜன்னல்ல கண்ண வெச்சா நெத்தியும் முட்டுக் குடுக்கும், கையும் ஆடாது. 240 மில்லிமீட்டர் கொறஞ்சா குடியா முழுகிப்பூடும்?

எது வாங்குனாலும் ஒண்ணு மறக்காத. இந்தச் சின்னக் கேமராவுக்குள்ள படம் விழற சில்லு சுண்டுவிரல் நகத்த விடச் சின்னது. லென்ஸு நீள நீள உள்ள வர்ற வெளிச்சமும் கொறையும். விடியாத இருட்டுல எடுத்தா படம் முழுக்கப் பொரிப்பொரியா வரும். சரி, வெயில் ஏறட்டும்னு பத்து மணிக்கு மேல போனா ஏரி மேல கானல் அலையும். லட்ச ரூபா லென்ஸும் அதுக்கு முன்னாடி கைகட்டி நிக்கும். பொழுது நல்லா கெளம்புன அப்பால, சூரியன முதுகுக்கு உட்டு எடு. இத எந்தக் கடையில விக்கறான்?

ஆட்டத்த அடக்கற மிஷினு உள்ளயே இருக்குதுன்னு சொல்லுவ. அது உன் கை நடுக்கத்த அடக்கும். படகு ஆடறதயும் நாரை தலைய ஆட்டறதயும் அது இன்னா பண்ணும்? 960-க்கு நீட்டுனா ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துல படம் விழணும்னு வெச்சிக்கோ. இஞ்சின அணைக்கச் சொல்லு. மொதல்ல லென்ஸ சுருக்கி வெச்சி கூட்டத்தத் தேடு, அப்பால நீட்டு. எடுத்த எடுப்புல நீட்டிட்டுப் பறவைய எங்க, பறவைய எங்கன்னு ஆகாசத்தத் துழாவாத.

கடைசியா ஒரு சேதி. பூநாரை மழை முடிஞ்ச அப்பால வந்து பங்குனி வரைக்கும் சேத்துல மேயும். தலையத் தலகீழா வெச்சி தண்ணிய வடிகட்டித் துன்னும். அந்த ரோசா நெறமே அது துன்றதுலதான் வருது. படகு கிட்ட போனா மேயறத உட்டுட்டு, தண்ணி மேல நாலு எட்டு ஓடி எழும்பிப்பூடும். 1980-லயே இந்த ஏரி பறவைங்க சரணாலயம்னு சொல்லியாச்சு. அதுங்க துன்றதக் கெடுக்காம எட்ட நின்னு பாக்கத்தான் ஜூமு. அத வாங்கிக்கினு வந்தும் "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்ட போ"ன்னு படகுக்காரனப் புடுங்கறாங்களே, அப்ப ஜூமு எதுக்கு?

இப்பவே வாங்காத. ஒரு தடவ இந்தப் போனோடவே ஏரிக்குப் போ. நாரை புள்ளியாத்தான் விழும். அந்தப் புள்ளி உனக்கு எவ்ளோ பெருசாவணும்னு தெரிஞ்ச அப்பால கடைக்குப் போ. மிஞ்சற துட்டுக்குப் பழவேற்காட்டு நண்டு வாங்கு. அதுக்கு ஜூமு வேணாம், கிட்டயே போயி பாக்கலாம். வெரல மட்டும் பத்திரமா வெச்சிக்கோ.