அதிசயத்துக்கு முட்டுக்கொடுத்தல்: ஒரு நிலையியல் ஆராய்ச்சி

உலக அதிசயங்களைக் காணச் செல்வோர் அங்கே எதைக் கண்டனர், எதை உணர்ந்தனர் என்பன பற்றிப் பயண நூல்கள் மலிந்துள்ளன. அங்குச் சேர்ந்ததும் அவர்களுடைய வலக்கை என்ன செய்கிறது என்பதோ ஆராய்வாரற்றுக் கிடக்கிறது. சேமிப்பைக் கரைத்து, விசாவுக்கு வரிசையில் நின்று, விமானத்தில் முழங்காலை மடக்கி இரவெல்லாம் அமர்ந்து வந்த ஒருவர், அதிசயத்தின் முன் நின்றதும் முதலில் அதற்கு முதுகைக் காட்டுகிறார். அடுத்து, கையை உயர்த்தி அதைத் தாங்குகிறார், தள்ளுகிறார், அல்லது இரு விரலால் கிள்ளித் தூக்குகிறார். இம்மூன்றையும் இக்கட்டுரை 'முட்டுக்கொடுத்தல்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்குகிறது. அண்மையிலுள்ள சிறு கையும் சேய்மையிலுள்ள பெருங்கட்டடமும் தொட்டுக்கொள்வதாகப் படத்தில் தோன்றச் செய்யும் செயல் என்பது அதன் இலக்கணம்.

இதன் கணிதம் எளியது. 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் கேமராவுக்கு 4 மீட்டர் முன்னால் நின்றால், 56 மீட்டர் உயரமுள்ள பைசா கோபுரம் அவருக்குச் சம உயரமாகத் தெரிவதற்கு, அது கேமராவிலிருந்து 140 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வடிவொத்த முக்கோணங்களைப் பத்தாம் வகுப்பில் படித்தபோது இது எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கான விடை இத்தாலியில் இருக்கிறது. அற்றேல், கேமரா இன்றி வெறுங்கண்ணாலேயே இத்தோற்றத்தைக் கண்டு மகிழலாமே எனின், ஆகாது. மனிதனுக்கு இரு கண்கள் உண்மையால் அண்மையும் சேய்மையும் அவனுக்குப் பிரிந்தே தெரியும், ஒற்றைக் கண் உடைய கேமராவே ஏமாறும் என்க.

பைசா இத்துறையின் தலைநகரம். அங்கே கோபுரம் தெற்கே சாய்ந்திருக்கிறது. மேற்கே புல்வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது வலப்புறச் சாய்வு. ஆகவே கோபுரத்தின் வலப்புறத்தில் உள்ளங்கையை வைப்பவர் 'தாங்கி' எனப்படுவார். இடப்புறத்தில் வைப்பவர், சாயும் திசையிலேயே அதை மேலும் தள்ளுவதால், 'தள்ளி' எனப்படுவார். தள்ளிகளில் குறும்புக்காகத் தெரிந்தே தள்ளுவோர் ஒரு வகை. முகத்தில் பெருங்கருணை தவழ, கோபுரத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டே கவிழ்த்துவோர் மற்றொரு வகை. பின்னவரைக் குடும்பத்தினர் ஊர் திரும்பிய பின்னரே, ஆல்பத்தைப் புரட்டும்போது கண்டுபிடிக்கின்றனர். காலால் உதைப்போரும் முதுகைச் சாய்த்து இளைப்பாறுவோரும் இவ்விரண்டின் உட்பிரிவுகளே ஆதலின் தனியே விரித்துரைக்கப்படவில்லை.

இக்கலையின் உண்மைச் சுவை படம் பிடிப்பவருக்கும் பிடிக்கப்படுபவருக்கும் அன்றி, பக்கவாட்டில் நின்று பார்க்கும் மூன்றாமவருக்கே வாய்க்கிறது. ஒவ்வொரு கையும் தனக்குரிய ஒரு கேமராவுக்கு மட்டுமே கோபுரத்தைத் தொடுகிறது. மற்ற எல்லாத் திசைகளிலிருந்தும் அது காற்றைத்தான் தொடுகிறது. புல்வெளியோரக் குட்டைத் தூண்களின் மேல் ஏறி, பல நாட்டவரும் பல உயரத்தில் கையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும் காட்சி, நின்றுகொண்டு வந்த பயணிகளை அப்படியே விட்டுவிட்டு நகரப் பேருந்து மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டதை ஒத்திருக்கிறது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை என்பது குறிக்கத்தக்கது. சிரித்தால் கை அசையும். அசைந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இனி, இம்முட்டால் கோபுரத்துக்கு நேர்ந்த பயனை ஆராய வேண்டும். 1173-இல் தொடங்கிய கட்டுமானம் மூன்றாம் தளத்தை எட்டியபோதே அடிமண்ணின் மென்களிமண்ணில் ஒரு பக்கம் அமிழத் தொடங்கியது. போர்களால் ஏறக்குறைய நூறாண்டு வேலை நின்றது. அந்த இடைவெளியில் களிமண் இறுகியதால்தான் கோபுரம் அன்றே விழாமல் தப்பியது என்பது மண்ணியல் அறிஞர் துணிபு. வேலையைக் கிடப்பில் போடுவதால் விளையும் நன்மைக்கு இதைவிடப் பெரிய சான்று உலகில் இல்லை. எந்த அரசு அலுவலகமும் இதை எடுத்துக்காட்டாதது வியப்பே. 1272-இல் மீண்டும் தொடங்கியவர்கள் சாய்வை ஈடுகட்டத் தாழ்ந்த பக்கத்துச் சுவரைச் சற்று உயர்த்திக் கட்டினர். அதனால் கோபுரம் சாய்ந்தது மட்டுமன்றி இலேசாக வளைந்தும் போயிற்று. மணிக்கூண்டு முடிந்தது 1372-இல்.

1989-இல் பாவியா நகரத்துப் பழங்கோபுரம் இடிந்து நால்வர் உயிரிழந்ததை அடுத்து, 1990 ஜனவரி 7 அன்று பைசா கோபுரத்தின் கதவு மூடப்பட்டது. 14,500 டன் எடையுள்ள அதற்கு வடபுறத்தில் 600 டன் ஈயக்கட்டிகளை ஏற்றிப் பார்த்தனர். 1995-இல் நிலத்தடி நீரை உறையவைத்து வேலை செய்ய முயன்றபோது கோபுரம் ஒரே இரவில் மேலும் நகர்ந்து பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. இறுதியில் வென்ற முறை, ஜான் பர்லாண்டு உள்ளிட்ட வல்லுநர்கள் அடங்கிய குழு மேற்கொண்டது: அமிழ்ந்த தென்புறத்தைத் தொடாமல், அமிழாத வடபுறத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை உருவினர். 38 கன மீட்டர் மண் வெளியே வந்தபோது கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நிமிர்ந்திருந்தது. 2001 டிசம்பர் 15 அன்று கதவு மீண்டும் திறந்தது.

இதிலிருந்து பெறப்படுவன இரண்டு. கதவு மூடியிருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டும் புல்வெளியில் முட்டுக்கொடுப்போர் தம் பணியை நிறுத்தவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறை அடியோடு தவறானது. கோபுரத்துக்கு உண்மையிலேயே உதவ விரும்பியவர் தெற்கே கையை நீட்டாமல், வடக்கே குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளியிருக்க வேண்டும். அத்தகைய படம் இதுவரை எந்த வரவேற்பறையிலும் காணக் கிடைக்கவில்லை.

முட்டுக்கொடுப்போரின் இரக்கம் எல்லாச் சாய்வுக்கும் பொதுவானதன்று என்பதும் இங்கே பதியத்தக்கது. அதே திடலில், அதே மண்ணின் மேல் நிற்கும் வட்ட வடிவ ஞானஸ்நான மண்டபமும் சிறிது சாய்ந்தே நிற்கிறது. ஒரு விரல்கூட அதன்பால் நீளவில்லை. அந்நகரிலேயே சான் நிக்கோலா, சான் மிக்கேல் தேவாலயங்களின் மணிக்கூண்டுகள் சாய்ந்திருந்தும் தாமாகவே சமாளித்துக்கொள்கின்றன. ஆக்ராவில் தாஜ்மகாலின் நான்கு மினார்களும், விழ நேர்ந்தால் கல்லறை மேல் விழாதிருக்கும்படி வெளிப்புறம் சற்றுச் சாய்த்தே கட்டப்பட்டவை. ஆங்குச் செல்வோரோ அவற்றை விட்டுவிட்டு, எக்குறையுமின்றி நேராக நிற்கும் நடுக்குவிமாடத்தின் கலசத்தைக் கிள்ளித் தூக்குகின்றனர்.

இக்கிள்ளல் தாங்கலினும் நுட்பமானது, ஏனெனில் உள்ளங்கையின் அகலம் பிழையை மறைக்கும், விரல்நுனி மறைக்காது. எனவே ஆக்ராவில் இது தொழிலாகவே வளர்ந்துள்ளது. உரிமம் பெற்ற புகைப்படக்காரர் ஒரு முழங்காலை ஊன்றி, "தோடா ஊப்பர்... தோடா நீச்சே... பஸ், பஸ்!" என்கிறார், ஹிந்தி அறியாத மதுரைக்காரரும் நான்கே சொல்லில் அதைக் கற்றுத் தேர்ந்து, 73 மீட்டர் உயரச் சலவைக்கல் மாளிகையைக் கலசத்தைப் பற்றித் தூக்கிவிடுகிறார். ஷாஜகான் நிறுவிய கலசம் பொன்னால் ஆனது. இன்றுள்ளது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாற்றப்பட்ட, பொன்முலாம் பூசிய வெண்கலம். கிள்ளுவோர் இவ்வேறுபாட்டால் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருந்தும், தூக்குவார் இன்றி அது எவ்வாறு சனிக்கிழமை வரை நிற்கிறது என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இயற்கை அதிசயங்கள் இவ்விலக்கணத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. நயாகராவின் குதிரைலாட அருவி சுமார் 57 மீட்டர். ஏறக்குறைய பைசா கோபுரத்தின் உயரமே. எனினும் அதற்கு நுனி இல்லை, பிடி இல்லை, சுற்றிலும் வெற்று வானமும் இல்லை. கிராண்ட் கேன்யனோ மேல்நோக்கி எழாமல் கீழ்நோக்கி இறங்குவதால், அதன் முன் கை தொங்கிப்போகிறது. வேறு வழியின்றி மக்கள் அதைப் பார்க்க நேர்கிறது. நேர்மாறாக, பொலிவியாவின் உயூனி உப்புவெளியில் தூக்குவதற்கு எதுவுமே இல்லை. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வெண்பரப்பின் பெரும்பகுதியில் தொலைவை அளக்க ஒரு செடிகூட இல்லாமையால், வழிகாட்டிகள் பிளாஸ்டிக் டைனோசர்களைக் கையோடு கொண்டுவருகின்றனர். பயணிகள் அவற்றுக்கு அஞ்சி ஓடுகின்றனர்.

இதுவரை கூறியவை யாவும் 'தொலைமுட்டு'. கை உண்மையாகவே பொருளைத் தொடும் 'தொடுமுட்டு' மாமல்லபுரத்தில் காணப்படும். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை எனப்படும் பாறை சுமார் 6 மீட்டர் உயரமும் 250 டன் எடையும் உடையது. சரிவான பாறைமேல் சிற்றிடத்தில் ஊன்றி, இதோ உருளப்போகிறேன் என்பதுபோல் நிற்கிறது. 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அசையவில்லை என்பது செவிவழிச் செய்தி. ஆங்கே கீழ்ச்சரிவில் நின்று இரு கையாலும் பாறையைத் தாங்கும் மனைவியிடம் கணவர், "சிரிக்காத, கனமா இருக்கிற மாதிரி மூஞ்சிய வை" என்கிறார். அவரோ, "பிள்ளைங்க சறுக்குதுங்க பாருங்க, சீக்கிரம் எடுங்க" என்று முகத்தைச் சுளிக்க, கணவர் எதிர்பார்த்த பாவம் தானாக அமைந்துவிடுகிறது. படம் முடிந்ததும், சற்றுமுன் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்த அதே பாறையின் நிழலில் குடும்பத்தோடு அமர்ந்து மாங்காய்க் கீற்றைப் பிரிப்பதில் அவர்கள் எந்த முரணையும் காண்பதில்லை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கு வந்தபோது, பாறைக்குக் கை கொடுக்காமல் ஒருவர்க்கொருவர் கை கொடுத்து உயர்த்தினர்; முட்டு விலக்கப்பட்ட அந்நேரத்திலும் பாறை நகரவில்லை.

எஞ்சியிருப்பது தனிப்பயணியின் சிக்கல். முட்டுக்கொடுத்தலுக்கு இருவர் வேண்டும். தற்படக் கோல் எவ்வளவு நீண்டாலும் நான்கு மீட்டர் நீளாது. எனவே அவர் முன்பின் அறியாத ஒருவரிடம் கைபேசியை நீட்டுகிறார். அந்நியர் இரண்டு படம் எடுத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். படத்திலோ கை கோபுரத்துக்கு ஒரு முழம் விலகி, அடுத்தவர் தொப்பியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தனிப்பயணி நன்றி கூறி, அந்நியர் கண்ணுக்கு மறையும் வரை காத்திருந்து, அடுத்தவரைத் தேடத் தொடங்குகிறார். கழுத்தில் பெரிய கேமரா தொங்கவிட்டிருப்பவரைத் தேர்வது நலம். அவர் கிடைக்காவிடில், தன் மனைவியிடம் ஏற்கெனவே மூன்று முறை திட்டு வாங்கி மீண்டும் எடுத்துக்கொண்டிருக்கும் கணவரைத் தேர்க.