பிளாஸ்டிக் பிஸ்டலும் பெருங்காய டப்பாக்களும்

1980-இல் ஆஸ்திரிய ராணுவத்துக்கு ஒரு ஞானோதயம். சிப்பாய்கள் இடுப்பில் சொருகியிருந்த வால்தர் பி-38, ஹிட்லர் காலத்துச் சரக்கு. எட்டே தோட்டாதான் கொள்ளும். பாட்டன் சொத்தை எத்தனை நாள்தான் எண்ணெய் போட்டுத் துடைப்பது? புதுசு வாங்குவோம் என்று முடிவெடுத்தார்கள்.

அரசாங்கம் என்றால் சும்மா வாங்குமா? 17 நிபந்தனை போட்டது. மொத்த உதிரிப் பாகம் 58-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போட்டாலும் தானாக வெடிக்கக் கூடாது. முதல் 10,000 தோட்டாவுக்குள் 20 தடவைக்கு மேல் சிக்கக் கூடாது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு கேட்டதில்லை.

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பரம்பரைப் பணக்காரர்கள். இத்தாலியின் பெரெட்டா குடும்பம் துப்பாக்கித் தொழிலுக்கு வந்தது 1526-இல். பானிபட்டில் பாபர் இப்ராஹிம் லோடியை வீழ்த்திய அதே வருஷம். பெல்ஜியத்தின் எஃப்.என்., சுவிஸ்காரர்களின் சிக், ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் என்று ஆளாளுக்கு ஜரிகை வேட்டி கட்டி வந்தார்கள். உள்ளூர் ஸ்டெயர் கம்பெனி 1864 முதல் கடை நடத்துகிறது. நம்ம ஊர் டெண்டர் நமக்கில்லாமல் யாருக்கு என்று அது காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

இந்தக் கொல்லர் தெருவுக்கு ஊசி விற்க வந்தார் காஸ்டன் கிளாக். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வியன்னாவுக்குப் பக்கத்தில் டாய்ச்-வாக்ராம் என்ற சிற்றூரில் கர்ட்டன் கம்பி செய்து விற்றவர். அப்புறம் ராணுவத்துக்குக் கத்தியும், பதுங்குகுழி தோண்டும் மண்வெட்டியும் சப்ளை செய்தார். இரண்டு ராணுவ அதிகாரிகள் புதுத் துப்பாக்கி பற்றிப் பேசியது காதில் விழுந்ததாம், நானும் செய்யலாமா என்று கேட்டாராம், அவர்கள் சிரித்தார்களாம். இது கிளாக் தரப்பு சொன்ன கதை. ஆனால் சிரிப்பு மட்டும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும்.

துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாது என்பதையே தன் மூலதனம் என்று பின்னாளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார் அவர். கடையில் கிடைத்த பிஸ்டல்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். மற்ற கம்பெனிகள் வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பதை அவரைவிடத் தங்களுக்கே நன்றாகத் தெரியும் என்று நம்பிய காலம் அது.

கத்திப் பிடிக்கும் உறைக்கும் பாலிமர் வார்த்துப் பழகிய கை. துப்பாக்கியின் உடம்பையும் அதிலேயே வார்த்தால் என்ன? எஃகுக் கட்டியை மணிக்கணக்கில் கடைந்து செதுக்க வேண்டாம். அச்சில் ஊற்றி எடுத்தால் வேலை முடிந்தது. எடை குறையும், துருப் பிடிக்காது, முக்கியமாகச் செலவு மிச்சம். உலகத்தின் முதல் பிளாஸ்டிக் பிஸ்டல் இதுதான் என்று ரசிகர்கள் மார்தட்டுவார்கள். இல்லை. ஹெக்லர் அண்ட் கோக் 1970-லேயே விபி-70 என்று ஒன்றைப் போட்டுவிட்டது. அதன் ட்ரிகரை இழுப்பதற்குள் விரல் வலித்துவிடும் என்பதால் பெரிதாக ஓடவில்லை. பத்து வருஷம் முன்பே கையில் வந்த யோசனையைப் பரணில் போட்டுவிட்டு, ஆஸ்திரியப் போட்டிக்கு எஃகு பி-7ஐத் தூக்கி வந்தார்கள் ஜெர்மானியர்கள்.

கிளாக் தன் மாதிரிகளை இடது கையால்தான் சுட்டுப் பார்ப்பாராம். வெடித்துச் சிதறினால் வரைபடம் போட வலது கை மிஞ்ச வேண்டுமே! தன் சரக்கின் மேல் இத்தனை துல்லியமாக அவநம்பிக்கை வைத்த முதலாளி அபூர்வம்.

வந்த சரக்கை எடை போடுவோம். அழகு: ஸ்கேல் வைத்து வரைந்த மூஞ்சி. காலி எடை சுமார் 625 கிராம். மேகசினில் 17 தோட்டா. பாகங்கள் 34, கேட்டதோ 58-க்குள். தனியாகத் தள்ளிவிடும் சேஃப்டி கிடையாது. ட்ரிகருக்கு நடுவிலேயே ஒரு குட்டி நாக்கு. அதைச் சேர்த்து அழுத்தினால்தான் வெடிக்கும். பதற்றத்தில் பொத்தானைத் தேட வேண்டாம் என்பது சௌகரியம். உறையில் வைக்கும்போது விரலை அங்கே விட்டுவிட்டுத் தன் தொடையையே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு என்பது அசௌகரியம். பேர் கிளாக் 17. நிபந்தனைக் கணக்கும் இல்லை, தோட்டாக் கணக்கும் இல்லை; அது கம்பெனியின் 17-ஆவது காப்புரிமை.

1982-இல் முடிவு வந்தது. கர்ட்டன் கம்பிக்காரருக்கு 25,000 பிஸ்டல் ஆர்டர். பெருங்காய டப்பாக்கள் வாசனையோடு வீடு திரும்பின.

அடுத்து அமெரிக்கா. 1986-இல் அங்கே ஒரு பத்திரிகைப் பத்தி, இந்த பிளாஸ்டிக் துப்பாக்கியை லிபியாவின் கடாஃபி வாங்கப் பார்க்கிறார் என்று கிளப்பியது. எக்ஸ்ரேயில் தெரியாதாம்! குழல், மேல் சட்டம் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ எஃகு உள்ளே கிடக்கிறதே என்று சொன்னால் யார் கேட்டது? 1988-இல் சோதனையில் சிக்காத துப்பாக்கிகளைத் தடை செய்யச் சட்டமே வந்தது. அதில் கேட்ட எஃகு இதில் தாராளமாகவே இருந்ததால் கிளாக்குக்கு ஒரு கீறலும் இல்லை. 1990-இல் 'டை ஹார்ட் 2' படத்தில் ஹீரோ, கிளாக் 7 என்பது ஜெர்மனியில் செய்த பீங்கான் துப்பாக்கி, விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாது, விலை எக்கச்சக்கம் என்று விளாசுவார். அப்படி ஒரு மாடல் இல்லை, பீங்கான் இல்லை, ஜெர்மனி இல்லை, எக்ஸ்ரேயில் தெரியும், விலையும் குறைவு. ஒரே வசனத்தில் இத்தனை தப்பு. அத்தனையும் ஓசி விளம்பரம்.

போலீஸ் இலாகாக்களுக்குத் தள்ளுபடி, பழைய ரிவால்வரைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் மேளா. வியாபாரம் பறந்தது. 1852-இல் பிறந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பொறுக்க முடியாமல் 1994-இல் சிக்மா என்று ஒரு மலிவுப் பிஸ்டல் விட்டது. பார்த்தவர்கள் இரண்டு பெயரையும் பிசைந்து அதற்கு 'ஸ்வாக்' என்று பட்டம் வைத்தார்கள். வழக்கு, பிறகு பணம் கொடுத்துச் சமரசம். தாத்தா பேரனைப் பார்த்து காப்பி அடித்து மாட்டிக்கொண்ட முதல் சம்பவம் இதுவாக இருக்கலாம்.

மலிவு மோகம் கிளாக்கையே கொல்லவும் பார்த்தது. 1999-இல் அவருடைய பண ஆலோசகர் லக்ஸம்பர்க்கில் ஆள் வைத்துத் தீர்த்துக்கட்ட ஏற்பாடு செய்தார். வந்தவன் கையில் ரப்பர் சுத்தி! எழுபது வயதுத் துப்பாக்கி முதலாளி வெறும் முஷ்டியால் அவனைப் படுக்க வைத்தார். ஆலோசகர் ஜெயிலுக்குப் போனார். ஆயுதத்தில் விலையை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2017-இல் அமெரிக்க ராணுவம் புதுப் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. ஜெயித்தது, ஆஸ்திரியாவில் மண்ணைக் கவ்விய அதே சிக் பரம்பரையின் பி-320. அதுவும் பாலிமர்! கிளாக் கேட்ட தொகை 27.22 கோடி டாலர். சிக் கேட்டது 16.95 கோடி. தரத்தில் சிக் ஒரு நூல் மேலே, விலையைச் சேர்த்தால் எங்கேயோ மேலே என்றது ராணுவம். சோதனையையே முழுசாக முடிக்கவில்லை என்று கிளாக் கம்பெனி புகார் கொடுத்தது, தள்ளுபடி ஆனது. வியாபாரத்தில் தோற்றவன் வசனம் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்: "தரத்தைப் பாருங்க சார், விலையைப் பார்க்காதீங்க!"