பத்தாயிரம் ரூபாய் கொடுத்து மாவு பிசைந்த கதை

வெளிநாட்டுப் பயணத்தில் என்னைப் போன்றவர்களுக்கு இருக்கும் ஒரே நிஜமான சுகம், காலையில் கண் விழித்ததும் "இன்னைக்கு என்ன சமையல்?" என்று யாரும் கேட்காததுதான். மலை, மாதா கோயில், மியூசியம் எல்லாம் அதற்குப் பிறகு. ஓட்டலில் காய்ந்த ரொட்டியைப் போட்டாலும் சரி, அதை வேறு யாரோ போடுகிறார்கள் என்ற நினைப்பிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும்.

அந்தச் சுகத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் கை வைத்தார். மகனைப் பார்க்க ம்யூனிக் போய், அங்கிருந்து இத்தாலிக்கு ரயிலேறி, ஜன்னலுக்கு வெளியே ஆல்ப்ஸ் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் செல்போனை என் முன் நீட்டினார். "உனக்காகத்தான் புக் பண்ணியிருக்கேன். கல்யாண நாள் பரிசு." பொலோன்யா நகரத்தில் ஒரு அம்மாவின் வீட்டில், நம் கையாலேயே பாஸ்தா செய்து, நாமே சாப்பிட்டுவிட்டு வரும் வகுப்பு. ஆளுக்கு நூறு யூரோ. நம் காசுக்குப் பத்தாயிரம். இத்தனை வருஷமாக வீட்டில் நான் பிசைந்த மாவுக்கெல்லாம் இந்த ரேட் போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்டேன். "இது அனுபவம்மா" என்றார்.

தனக்கும் சேர்த்தே புக் பண்ணியிருந்தார் என்பதுதான் ஆச்சரியம். எங்கள் சமையலறையில் அவருக்குப் பழக்கமான பொருள் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் கதவு வரைக்கும். உள்ளே தயிர் எந்தத் தட்டில் இருக்கிறது என்று இன்றைக்கும் ஹாலுக்குக் குரல் கொடுத்துத்தான் எடுப்பார்.

ஆனால் புள்ளிவிவரத்தில் குறை வைக்க மாட்டார். "2025 டிசம்பரில் டெல்லி செங்கோட்டையில கூடின யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்திருக்கு, தெரியுமா?" என்றார். தெரியும். அதே கூட்டத்தில்தான் நம் தீபாவளியையும் சேர்த்தார்கள். தீபாவளி பட்டியலில் ஏறிவிட்டது. முதல் நாள் நடுராத்திரி வரைக்கும் முறுக்கு பிழிந்தவள் இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

பொலோன்யாவுக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர்கள் மூன்று: படித்த ஊர், கொழுத்த ஊர், சிவந்த ஊர். 1088-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்தால் முதல் பெயர், சாப்பாட்டால் இரண்டாவது, சுவர், கூரையெல்லாம் செக்கச்செவேலென்று இருப்பதாலும், வெகுகாலம் அங்கே கம்யூனிஸ்டுகள் கொடி பறந்ததாலும் மூன்றாவது. தெருவுக்குத் தெரு வளைவு வளைவாகக் கூரை போட்ட நடைபாதை. மழை வந்தால் குடை வேண்டாம், வெயில் வந்தால் தொப்பி வேண்டாம். அப்படி ஒரு நடைபாதைக்கு மேலே, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில்தான் டீச்சரம்மா வீடு.

எழுபதைத் தாண்டியவர். கறாரான முகம், மாவு படிந்த முன்கை. தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். மீதியை இரண்டு கையும் பேசிவிடும். எங்களைத் தவிர ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தம்பதி, தனியாக ஊர் சுற்றும் ஒரு ஜப்பானியப் பெண். அந்தப் பெண் நோட்டுப் புத்தகம், பேனா, சின்ன ஸ்கேல் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். எல்லாருக்கும் ஏப்ரன் கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டதுமே இவர் ஒரு செல்ஃபி எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் என் நாத்தனாரிடமிருந்து மூன்று கைதட்டல் வந்துவிட்டது. அதுவரை இவர் செய்திருந்த சமையல், ஏப்ரன் கட்டியது மட்டும்தான்.

நூறு கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. அவ்வளவுதான் கணக்கு. அவர்கள் மைதாவில் நைஸான ரகத்துக்குப் பெயரே இரட்டைப் பூஜ்யம். பலகையில் மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் முட்டையை உடைத்து ஊற்றி, முள்கரண்டியால் அடித்துக்கொண்டே கரையிலிருந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க வேண்டும். மஞ்சள் கருவா அது, குங்குமப்பூவைக் கரைத்து ஊற்றிய நிறம்! உப்பு எங்கே என்று கேட்டேன். கிடையாது. எண்ணெய்? டீச்சரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொலோன்யா மாவில் முட்டையும் மைதாவும் தவிர எதற்கும் இடமில்லையாம். உப்பெல்லாம் வேக வைக்கிற தண்ணீரோடு சரி. உப்பில்லாமல் ஒரு மாவைப் பிசைந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மாமியார் பார்த்திருந்தால் பூமி பிளந்திருக்கும்.

இவருடைய குழியில் ஒரு பக்கம் கரை உடைந்து, முட்டை பலகையோரம் ஓடியது. டீச்சரம்மா ஓடிவந்து தன் கையால் அணை போட்டு, "ப்ராவோ!" என்றார். முட்டையைக் கீழே விட்டவருக்கு ப்ராவோ. பக்கத்தில் ஒரு துளி சிந்தாமல், உருண்டை பிடித்து, பலகையையும் சுரண்டி வைத்திருந்த எனக்கு ஒரு தலையசைப்பு. பெண்பிள்ளை மாவு பிசைந்தால் அது மாவு. ஆண்பிள்ளை பிசைந்தால் அது நிகழ்ச்சி. இந்தச் சட்டம் மதுரையில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியாகிறது.

அரை மணி நேரம் மாவு ஓய்வெடுக்கட்டும் என்று மூடி வைத்தார்கள். மாவுக்குக்கூட ஓய்வு உண்டு என்பதை இவர் காதில் விழும்படி சொல்லி வைத்தேன்.

அந்த ஓய்வில்தான் தங்க நூடுல்ஸ் கதை வந்தது. தல்யாத்தெல்லே என்பது பொலோன்யாவின் நாடா பாஸ்தா. அதன் அகலம் எவ்வளவு என்பதை, 1953-ல் ஓரியோ வெர்கானி என்ற பத்திரிகையாளர் தொடங்கிய இத்தாலியச் சமையல் கழகத்தார், 1972 ஏப்ரல் 16 அன்று ஊர் வர்த்தக சபையில் முறைப்படி பதிவு செய்திருக்கிறார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், ஊர் நடுவே நிற்கும் 97 மீட்டர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு. அளவு தப்பிவிடக் கூடாதென்று தங்கத்தில் ஒரு நாடா செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கோபுரத்தில் ஏறி அளந்து பார்க்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசேந்தா கோபுரம் இன்னும் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில் 2023 அக்டோபரில் வேலி போட்டுவிட்டார்கள்.

ஜப்பானியப் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் ஒளி. ஸ்கேலை எடுத்துக்கொண்டு, "வேகாத மாவில் எத்தனை மில்லிமீட்டர் வெட்ட வேண்டும்?" என்று கேட்டாள். டீச்சரம்மா தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பார்த்து வெட்ட வேண்டியதுதான். அந்தத் தங்க நாடாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று நான் கேட்டேன். இல்லையாம். "அதை வேக வைக்கவா முடியும்?" என்கிறார். பதிவு செய்யப் போன கூட்டத்தில் எத்தனை பேர் அதுவரை மாவு தேய்த்திருப்பார்கள் என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அது கொஞ்சம் வலுத்தது.

அடுத்தது தேய்ப்பது. இங்கேதான் எனக்குச் சோதனை. அவர்கள் கட்டை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் பிடி கிடையாது. சப்பாத்திக்கு நாம் அழுத்தித் தேய்ப்போம். அங்கே அழுத்தவே கூடாது; உள்ளங்கையால் முன்னே தள்ளி, கட்டையில் மாவைச் சுற்றி, சுற்றிய மாவைக் கையால் இரு பக்கமும் இழுத்துக்கொடுத்து, திருப்பிப் போட்டு, மறுபடி. மாவின் ஒரு பக்கம் பலகை ஓரத்தில் தொங்க வேண்டும். அதன் கனமே அதை இழுக்கும். நாற்பது வருஷம் தேய்த்த கை கேட்குமா? அது பாட்டுக்கு வட்டமாக, சிறிசாக, அழகாகச் சப்பாத்தி இட்டது. "பியானோ, பியானோ" என்று டீச்சரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெதுவாம். காலை ஏழு மணிக்கு மூன்று டிபன் பாக்ஸ் கட்டியவளிடம் வந்து மெதுவாம்!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிடி கிடைத்ததும் அது ஒரு தனி ஆனந்தம். மாவு விரிந்துகொண்டே போகிறது; மேஜை விரிப்பளவுக்கு வந்த பிறகும் கிழியவில்லை. மரப்பலகையின் சொரசொரப்பு அதில் அப்படியே பதிகிறது. அதனால்தான் குழம்பு வழுக்கி ஓடாமல் ஒட்டுகிறதாம். மாவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அதன் வழியே ஊருக்கு வெளியே குன்றின் மேலிருக்கும் சான் லூக்கா கோயில் தெரிய வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கு. டீச்சரம்மா என் மாவை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். கோயில் தெரியவில்லை, எதிர் மாடியில் காய்ந்த வேட்டி போன்ற ஏதோ ஒன்று தெரிந்தது. அது போதும் என்று தோளில் தட்டினார். பத்தாயிரத்தில் ஐயாயிரம் அந்தத் தட்டலிலேயே வசூலாகிவிட்டது.

இவர் தேய்த்தது நடுவில் ஊத்தப்பம், ஓரத்தில் நீர்தோசை. வெட்டினால் ஒன்று ரிப்பன், ஒன்று பெல்ட். டீச்சரம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகத்தில் ஒரு கருணை வந்தது. கோணல்மாணலான துண்டுகளுக்கென்றே அங்கே ஒரு பாஸ்தா ரகம் இருக்கிறது, மால்தல்யாத்தி என்று. நாடா வெட்டியது போக மிஞ்சிய ஓரங்களை வீணாக்காமல் பயறு சூப்பில் போடுவதற்காக வந்தது. இவர் வெட்டியது முழுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். "நான் ரெண்டு ஐட்டம் பண்ணியிருக்கேன்" என்று உடனே வாட்ஸ்அப்பில் போட்டார்.

பூரணம் வைத்த பாஸ்தா ஒன்றும் உண்டு. சின்னதாக இருந்தால் தோர்த்தெல்லினி. சதுரத் துண்டின் நடுவில் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, சுண்டு விரலில் சுற்றி முனைகளை ஒட்ட வேண்டும். இந்த வடிவத்துக்கும் ஒரு கதை உண்டு. வீனஸ் தேவி ஒரு சத்திரத்தில் தங்கியபோது, சத்திரக்காரன் சாவித் துவாரம் வழியே எட்டிப் பார்த்தானாம். தொப்புள் மட்டும் கண்ணில் பட, அந்த வடிவத்திலேயே மாவைச் சுற்றினானாம். ஆண்கள் இருவரும் மிகவும் ரசித்துக் கேட்டார்கள். எட்டிப் பார்த்தவனை யாராவது இரண்டு சாத்துச் சாத்தினார்களா என்று கேட்டேன். இல்லை, காஸ்தெல்ஃப்ராங்கோ எமிலியா என்ற ஊரில் வருஷா வருஷம் தோர்த்தெல்லினித் திருவிழா எடுக்கிறார்களாம்.

அதன் பூரணமும் 1974-ல் பதிவானதுதான்: பன்றி இறைச்சி, அதிலேயே செய்த ப்ரொஷூத்தோ, மொர்த்தடெல்லா, பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய். "கோழி வைக்கலாமா?" என்று இவர் வெள்ளந்தியாகக் கேட்டார். அறையில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகுதான் ஆஸ்திரேலியக்காரர் காதோடு சொன்னார். 2019-ல், ஊர்க் காவலரான புனித பெத்ரோனியோவின் விழாவில், பன்றி சாப்பிடாதவர்களுக்காகக் கோழி வைத்ததும் கொஞ்சம் போடுவோம் என்று ஒரு யோசனை வந்ததாம். நம் வரலாற்றையே அழிக்கப் பார்க்கிறார்கள் என்கிற அளவுக்கு வலதுசாரி அரசியல்வாதி மத்தேயோ சல்வினி கொதித்து, அது தேசிய விவகாரமாகி, பழையபடியும் பரிமாறுவோம் என்று திருச்சபை விளக்கம் சொல்ல வேண்டி வந்ததாம். எங்களுக்கென்று பெரிய சைஸில் ரிகோத்தா சீஸும் பார்ஸ்லியும் வைத்த தோர்த்தெல்லோனி செய்தோம். அதில் அரசியல் இல்லை.

இறைச்சிக் குழம்புக்குப் பெயர் ராகூ. கேட்டதும் இவர் செல்போனில் மணி பார்த்தார். நம் ராகு ஒன்றரை மணி நேரத்தில் விட்டுவிடுவார். இது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அடுப்பில் கொதிக்க வேண்டும் என்பதால் டீச்சரம்மா காலையிலேயே ஏற்றி வைத்திருந்தார். மாட்டிறைச்சி, பன்செத்தா என்கிற பன்றி வயிற்றிறைச்சி, கேரட், செலரி, வெங்காயம், தக்காளி, ஒயின். இதையும் 1982-ல் பதிந்து, 2023-ல் திருத்தியிருக்கிறார்கள். உலகம் முழுக்க 'ஸ்பகெட்டி பொலோனீஸ்' என்று விற்கிறார்களே என்று ஆஸ்திரேலிய அம்மா ஆரம்பித்தார். டீச்சரம்மா ஸ்பகெட்டி என்ற சொல்லைக் காற்றிலிருந்து கையால் விலக்கிவிட்டார்.

அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு பழைய சமையல் புத்தகம் இருந்தது. பெல்லெக்ரீனோ அர்தூசி 1891-ல் தன் சொந்தச் செலவில் அச்சடித்தது. பட்டு வியாபாரி, கட்டைப் பிரம்மச்சாரி. செய்து பார்த்ததெல்லாம் வீட்டுச் சமையல்காரர்களான மரியெத்தாவும் ஃப்ரான்செஸ்கோவும். புத்தகம் ஓகோவென்று போனது. மனிதர் சாகும்போது அதன் உரிமையை அந்த இருவருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கேள்விப்பட்ட ஆண்களில் அர்தூசி ஒருவர்தான் என் மனதில் நின்றார்.

புதுப் பாஸ்தா கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷத்தில் வெந்துவிடும். வெண்ணெயில் சேஜ் இலையைப் பொரித்து, அதில் தோர்த்தெல்லோனியைப் புரட்டிக் கொடுத்தார்கள். ருசியா, அதைச் சொல்லி மாளாது. மிளகாயும் இல்லை, மசாலாவும் இல்லை, ஆனாலும் தட்டை வழித்துத்தான் வைத்தேன். இவர் தன் கோணல் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, "இது நான் பண்ணினது" என்று அறிமுகம் செய்துவிட்டுச் சாப்பிட்டார். முடிவில் எல்லாருக்கும் சான்றிதழ். இவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, டீச்சரம்மா இன்னொரு ப்ராவோ வைத்தார்.

சாப்பிட்ட தட்டு, மாவு அப்பிய பலகை, அடிபிடித்த வாணலி எல்லாம் தொட்டியில் குவிந்து கிடந்தன. பழக்கதோஷம், எழுந்து புடவையைச் செருகிக்கொண்டேன். டீச்சரம்மா என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, உள்ளறையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். அதுவரை கண்ணிலேயே படாத ஒரு பெரியவர் வந்தார். டீச்சரம்மாவின் வீட்டுக்காரர். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, குழாயைத் திறந்து, வாணலியிலிருந்து ஆரம்பித்தார். நான் இவரைப் பார்த்தேன். போட்டோ எடுக்கச் செல்போனையும் தூக்கினேன். "ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்றார் இவர். ரயில் மறுநாள் காலையில்தான்.